ஆயிரத்தோராவது பில்

மண்டபம் என்கிற கடற்கரை ஊரில் ஜோஸ்லினைத் தெரியாதவர்கள் உண்டு. ஜோஸ்லினின் நாற்காலியைத் தெரியாதவர்கள் கிடையாது. எட்வர்ட் ஐஸ் கம்பெனியின் ஆபீஸ் அறையில், கீழே சக்கரம் வைத்து, சுற்றிவிட்டால் சுற்றுகிற நாற்காலி அது. அவள் தெருவிலிருந்து அப்படியொரு நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவள் அம்மா தினமும் ஒரு சாக்கு கண்டுபிடித்து ஐஸ் கம்பெனிக்கு வருவாள். மகள் அதில்தான் உட்கார்ந்திருக்கிறாளா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போவாள்.

அதற்கு முன்னால் ஆறு வருஷம் நண்டுக் கொட்டகை. அவித்த நண்டை உடைத்து, சதையை நோண்டி எடுத்து, டப்பாவில் அடைக்கிற வேலை. ஐஸ் தண்ணீரில் கையை வைத்து வைத்து விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போகும். ஓடு கீறின இடத்தில் உப்புப் பட்டால் உயிர் போய்விடும். வீட்டுக்கு வந்தால் ரசம் ஊற்றிப் பிசைய முடியாது, கரண்டியால்தான் சாப்பிடுவாள். அந்த விரல்களை வைத்துக்கொண்டே தபாலில் பி.காம். படித்து முடித்தாள் என்றால் அவளுடைய பிடிவாதத்தைக் கொஞ்சம் யூகித்துக்கொள்ளலாம். சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு நேராக எட்வர்டிடம் போய், கம்ப்யூட்டரில் கணக்கு எழுதத் தெரியும் என்றாள். அதில் பாதி உண்மை. மீதி பாதியைச் சேர்ந்த பிறகு கற்றுக்கொண்டாள்.

எட்வர்ட் கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவைப்பது நல்லது, பின்னால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பத்து லட்சம் போனால் ஆண்டவர் சித்தம் என்று சொல்லிவிட்டு மத்தியானம் நன்றாகத் தூங்குவார். பத்து ரூபாய் போனால் மூன்று நாள் சாப்பாடு இறங்காது. புயலில் ஐஸ் கம்பெனியின் கூரை பறந்தபோது சிரித்துக்கொண்டு நின்றவர், அந்தக் கூரையைப் போட வந்த கொத்தனார் இரண்டு டீ கூடுதலாகக் குடித்ததை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதுவரை கம்பெனியின் கணக்கை எழுதிவந்தது அவருடைய மச்சினன் கிளாட்சன். நீளமான நோட்டில், யாருக்கும் புரியாத கையெழுத்தில் எழுதுவான். சில பக்கங்கள் அவனுக்கே புரியாது. அதனால் போன வருஷம் இருபத்திரண்டாயிரம் அபராதம் கட்ட வேண்டி வந்தது. ராமநாதபுரத்து ஆடிட்டர் அப்போதே கறாராகச் சொல்லிவிட்டார்: ஒன்று நோட்டு, இல்லை கம்ப்யூட்டர். இரண்டையும் கலந்து கொண்டுவந்தால் கையெழுத்துப் போட மாட்டேன். அந்தச் சந்தில்தான் ஜோஸ்லின் உள்ளே நுழைந்தாள். கிளாட்சன் ஐஸ் கட்டிகளை எண்ணி ஏற்றிவிடும் வேலைக்கு மாற்றப்பட்டான். ஆனால் அந்தச் சுற்று நாற்காலியின் மேல் அவனுக்கு ஒரு கண் இருந்துகொண்டே இருந்தது.

மே மாதம் ஜோஸ்லின் ஒரு கணக்கு சாப்ட்வேரைத் தேடிப் பிடித்தாள். விலைக்கு வாங்குவது இல்லை, மாத வாடகை. வாடகையும் எல்லாருக்கும் ஒன்றில்லை. எத்தனை பதிவு போடுகிறோமோ அதைப் பொறுத்தது. ஒரு பில் போட்டால் ஒரு பதிவு. டீச் செலவை எழுதினால் ஒரு பதிவு. டீசல் வாங்கினால் ஒன்று. மாதம் ஆயிரம் பதிவு வரைக்கும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். ஆயிரத்து ஒன்று ஆகிவிட்டால் ஆறாயிரம். அந்தப் படியில் ஒருதடவை ஏறிவிட்டால் ஒரு வருஷத்துக்கு இறங்கவும் விட மாட்டார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து போனில் பேசிய பெண் நல்லவிதமாகத்தான் கேட்டாள். "உங்களுக்கு மாசம் எத்தனை என்ட்ரி வரும் மேடம்?"

ஜோஸ்லின் நோட்டைப் புரட்டினாள். முந்தின முப்பது நாளை உட்கார்ந்து எண்ணினாள். முந்நூற்றுப் பத்து வந்தது. ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தாள். "முந்நூத்திப் பத்து மேடம்," என்றாள்.

"அப்ப ஆயிரம் பிளானே உங்களுக்குத் தாராளம். பாதிகூட ஆகாது," என்றாள் அந்தப் பெண். எட்வர்ட் சந்தோஷமாக ஒரு வருஷத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்.

இந்தக் கரையில் பிறந்த யாரும் இதைக் கேட்டால் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரைக்கும் தடைக்காலம். விசைப்படகுகள் அத்தனையும் கட்டிக் கிடக்கும். வலை உலர்ந்து கிடக்கும். ஐஸ் வாங்க ஆள் ஏது? கோயம்புத்தூர்க்காரிக்குக் கடலை வருஷத்தில் இரண்டு மாதம் பூட்டிவைப்பார்கள் என்று எப்படித் தெரியும்? ஜோஸ்லினுக்குத் தெரிந்திருக்க வேண்டும். படகுகள் கட்டும் ஜெட்டியிலிருந்து இருநூறு அடி தூரத்தில் பிறந்தவள். ஆனால் அவளுக்குத் தடைக்காலம் என்றால் அப்பா கடலுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துகொண்டு எல்லார் மேலும் எரிந்துவிழும் மாதம். அதை ஒரு எண்ணாக அவள் யோசித்ததே இல்லை.

ஜூன் பதினைந்தில் கடல் திறந்தது. அந்த மாதம் எப்படியோ தப்பித்தது. ஜூலையில் முதல் ஏழு நாளிலேயே முந்நூற்று நாற்பது பதிவு ஓடிவிட்டது. ஜோஸ்லின் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மாத முடிவில் ஆயிரத்து ஐந்நூறைத் தொடும். மறைக்கத் தெரியாது அவளுக்கு. எழுந்து போய் எட்வர்டிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"ஆறாயிரமா?" என்றார் எட்வர்ட். "எழுதுறதுக்கா? கிளாட்சன் நோட்டு நாப்பத்தஞ்சு ரூவா. அதுல எத்தனை வேணும்னாலும் எழுதலாம். எவனும் எண்ண மாட்டான்."

"நோட்டும் கம்ப்யூட்டரும் கலக்கக் கூடாதுன்னு ஆடிட்டர் சொல்லிருக்காருண்ணே."

"அப்ப ஆயிரத்துக்குள்ள நிறுத்து. ஒண்ணு கூடுச்சுன்னு வையி, கம்ப்யூட்டரை மூடிருவேன். முழுக்க நோட்டுதான். நீ நண்டுக்கே போயிரு. கிளாட்சன் வந்து ஒக்காந்துக்கிருவான்."

கிளாட்சன் வாசலில்தான் நின்றான். அவன் ஜோஸ்லினைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தான்.

அன்றிலிருந்து ஜோஸ்லின் கணக்கெழுதுவதை விட்டுவிட்டுக் கணக்கைத் தடுக்கும் வேலையில் இறங்கினாள். முதலில் மாட்டியது டீ. கடைக்காரர் மூக்கையாவிடம் போய், இனிமேல் டீக்குத் தினமும் காசு கிடையாது, மாதம் ஒருதடவைதான் என்றாள். மூக்கையா கரித்துண்டை எடுத்துக் கம்பெனியின் சுவரிலேயே கோடு போட ஆரம்பித்தார். அடுத்தது அந்தோணியார். எட்வர்ட் ஒவ்வொரு செவ்வாயும் கோயிலுக்கு நூற்றொரு ரூபாய் கொடுப்பது வழக்கம். அதுவும் ஒரு பதிவு. நாலு செவ்வாய்க்கும் சேர்த்து மாதக் கடைசியில் கொடுக்கலாமா என்று அவரே பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டார். "கொடுக்கலாம். வேண்டுறதையும் மாசக் கடைசியில மொத்தமா வேண்டிக்க," என்று சொல்லியனுப்பிவிட்டார் சாமியார்.

இதெல்லாம் சில்லறை. உண்மையான கூட்டம் ஐஸ் வாங்குகிறவர்கள்தான். ஜெட்டியில் மீன் எடுத்துத் தலைச்சுமையாக விற்கப்போகும் பெண்கள் பதினோரு பேர். ஆளுக்கு அறுபது ரூபாய்க்கு அரைத்த ஐஸ் வாங்குவார்கள். ஆளுக்கு ஒரு பில். அதற்கு மேல் நாட்டுப்படகுக்காரர்கள் பன்னிரண்டு பேர். இங்கேதான் ஜோஸ்லினுக்கு ஒரு யோசனை வந்தது. விசைப்படகு கடலுக்குப் போக வேண்டுமானால் மீன்துறையில் டோக்கன் வாங்க வேண்டும், டோக்கன் இல்லாவிட்டால் படகை அவிழ்க்க முடியாது. இது இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஐஸுக்கும் டோக்கன் என்று அறிவித்தாள். இருபத்துமூன்று பேருக்கும் சேர்த்து ஒரே டோக்கன், ஒரே பெயர், ஒரே பில்.

வேறு ஊராக இருந்தால் சண்டை வந்திருக்கும். இங்கே ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. டோக்கன் என்று சொன்னவுடன் வரிசையில் நின்றுவிட்டார்கள். யாருடைய பெயரில் பில் என்று பேச்சு வந்தபோது வயதில் மூத்தவள் என்று யாகப்பம்மாளைக் காட்டினார்கள். யாகப்பம்மாளிடம் இருந்தது ஒரு அலுமினியத் தாம்பாளமும் அதை மூட ஒரு சாக்கும்தான்.

இரண்டே வாரத்தில் யாகப்பம்மாள் தொண்ணூற்று நாலாயிரம் ரூபாய்க்கு ஐஸ் வாங்கிவிட்டாள். கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர்கள் பட்டியலை சாப்ட்வேர் தானாகவே போடும். அதில் பன்னிரண்டு விசைப்படகு வைத்திருக்கும் முதலாளி இரண்டாவது இடத்துக்குப் போய்விட்டார். அவருக்கு அதில் வருத்தம்கூட.

அந்த நேரம் பார்த்து யாகப்பம்மாள், கூரையை மாற்ற வேண்டும் என்று, ராமநாதபுரத்தில் ஒரு கடன் கம்பெனியில் பதினைந்தாயிரம் கேட்டிருந்தாள். தொழில் செய்வதற்கு ஏதாவது ரசீது இருக்கிறதா என்றார்கள். இருக்கிறதே! ஜோஸ்லின் கொடுத்த பில்களை மடித்து மடித்துப் பையில் வைத்திருந்தாள். அப்படியே எடுத்து நீட்டிவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் உசாமா என்கிற இளைஞன், கடன் கம்பெனியின் ஆள், பைக்கில் வந்து இறங்கினான். கையில் பைல், பையில் ஒரு பொன்னாடை. பெரிய வியாபாரிகளுக்குப் போர்த்த வேண்டும் என்பது அவன் கம்பெனியின் உத்தரவு. ஐஸ் மொத்த வியாபாரி யாகப்பம்மாள் வீடு எது என்று தெரு முழுக்கக் கேட்டுவிட்டு, கடைசியில் ஐஸ் கம்பெனி வாசலிலேயே அவளைக் கண்டுபிடித்தான்.

"அம்மா, ஐஸ் அடுக்கி வைக்கிற ஒங்க கிட்டங்கி எங்கன இருக்கு?"

"கிட்டங்கியா?" யாகப்பம்மாள் தலையிலிருந்து தாம்பாளத்தை இறக்கிச் சாக்கைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே இரண்டு கிலோ காரல் மீனும் கொஞ்சம் ஐஸும் இருந்தன.

உசாமா அதைச் சிரிப்புக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டான். பணக்காரர்கள் இப்படித்தான் எளிமையாக இருப்பார்கள் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் போலிருக்கிறது. "ஒங்க யாவாரத்துக்கு மூணு லட்சம் வரைக்கும் தாரோம்மா," என்றான்.

"எனக்குப் பதினஞ்சு போதும்ப்பா."

"மூணு லட்சமா வாங்கிக்கங்கம்மா. பதினஞ்சாயிரம்னு போட்டா மேனேஜர் என்னையத் திட்டுவாரு."

"மூணு லட்சத்த வாங்கி நான் எங்கன வைக்கிறது? வீட்டுக்குக் கதவே இல்ல." கடைசியில் பதினைந்தாயிரமே முடிவானது. உசாமா பொன்னாடையைப் போர்த்தி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான். அவன் தலை மறைந்ததும் யாகப்பம்மாள் அந்தப் பொன்னாடையை நாலாக மடித்துச் சாக்குக்குப் பதிலாகத் தாம்பாளத்தின் மேல் போட்டாள். ஐஸ் அதில் நன்றாகத் தாங்குகிறது என்றாள்.

அடுத்த நாள் காலை மற்றப் பத்துப் பெண்களும் ஜோஸ்லினின் ஜன்னலுக்கு வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் வீரலட்சுமி. கையில் தாம்பாளம், கண்ணில் தீ.

"ஏத்தா ஜோஸ்லினு, என் ஐஸுக்கும் சேத்து அவளுக்குப் பொன்னாடையா? நான் பதினெட்டு வருஷமா இங்கன வாங்குறேன். என் பேருல ஒரு பில்லு இல்ல!"

"அக்கா, மாசம் முடியட்டும்."

"மாசம் முடிஞ்சா என்னத்துக்காகும்? முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள பேரு போட்ட பில்லு கொண்டாந்தாத்தான் இந்த வட்டிக்குத் தாரேன்னு அந்தத் தம்பி சொல்லிட்டுப் போயிருக்கு. அப்புறம் வட்டி டபுளு. என் மகளுக்கு நர்ஸு படிக்கப் பணம் கட்டணும். நான் கந்து வட்டிக்கா போவேன்?"

முப்பத்தொன்றுக்குள் எப்படியாவது போட்டுத் தாரேன் என்று ஜோஸ்லின் சொல்லிவிட்டாள். வாயிலிருந்து வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் அதற்குள் எண்ணிக்கைப் பேய் எட்வர்டைப் பிடித்துக்கொண்டது. ஆபீஸ் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினார். அதில் அன்றைய பதிவு எண்ணிக்கையைச் சாக்பீஸால் தன் கையாலேயே எழுதினார். காலையில் எழுநூற்று எண்பது, சாயங்காலம் எண்ணூற்றுப் பத்து. விற்பனை எவ்வளவு என்று கேட்பதையே நிறுத்திவிட்டார். ஜெட்டியில் படகுக்காரர்கள் நாளைக்கு எந்த எண் வரும் என்று பந்தயம் கட்ட ஆரம்பித்தார்கள். இருபத்தைந்தாம் தேதியிலிருந்து எட்வர்ட் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். வருகிறவர்களை எல்லாம் விசாரித்தார்.

"ஐஸ் கட்டி எத்தனை பார் வேணும்?"

"அஞ்சு பார்ண்ணே."

"அஞ்சுக்கு ஒரு பதிவைக் கொடுக்க முடியாது. இருவது பார் வாங்குறதா இருந்தா வா. இல்லன்னா பாம்பனுக்குப் போ."

வியாபாரத்தை விரட்டி அனுப்பும் முதலாளியை மண்டபம் அதுவரை பார்த்ததில்லை. ஐஸ் நல்லாயில்லையோ என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். முதலாளிக்கு உடம்புக்கு என்னவோ என்று அவர் பெண்டாட்டியிடம் போய் விசாரித்தார்கள்.

இருபத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு எண்ணிக்கை சரியாக ஆயிரம் ஆனது. எட்வர்ட் பலகையில் ஆயிரம் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து, கேட்டைப் பூட்டினார். ஒன்றாம் தேதி திறந்துகொள்ளலாம் என்றார். உள்ளே அறை நிறைய ஐஸ். மேலும் மேலும் உறைந்துகொண்டே வந்தது, வைக்க இடமில்லை. வெளியே எடுத்து அடுக்கினார்கள், அது உருகி வாய்க்காலில் ஓடியது. வாய்க்காலும் நிறைந்து தண்ணீர் ரோட்டுக்கு வந்தது. எட்வர்ட் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, அந்தக் குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்தபடி நிம்மதியாகப் பேப்பர் படித்தார்.

"அண்ணே," என்றாள் ஜோஸ்லின், "நேத்து மட்டும் முப்பத்தெட்டாயிரத்துக்கு ஐஸ் உருகிருக்கு. நாலாயிரத்தி ஐநூறைக் காப்பாத்தப்போயி..."

"உருகுறது தண்ணி," என்றார் எட்வர்ட். "கட்டுறது துட்டு."

ஜோஸ்லின் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அது மட்டும் பத்திரமாக இருந்தது.

முப்பத்தொன்றாம் தேதி எட்வர்டும் கிளாட்சனும் திருவாடானைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். கேட் சாவியை ஜோஸ்லினிடம் கொடுத்து, யார் வந்தாலும் திறக்காதே என்று மூன்று தடவை சொன்னார் எட்வர்ட். கிளாட்சன் கல்யாணத்துக்குப் போட்ட புதுச் சட்டையோடு ஆபீஸ் அறையை ஒருதடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். நாளைக்கு இந்தச் சட்டை நன்றாக இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ.

ஒன்பது மணிக்குப் பெண்கள் வந்தார்கள். பத்துத் தாம்பாளங்கள் கேட்டுக்கு வெளியே வரிசையாக இறங்கின. உசாமாவும் பையோடு வந்து ஓரமாக நின்றான். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆபீஸ் மூடிவிடுவார்கள் என்று வீரலட்சுமியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். மறுநாள் கடலுக்குப் போகிற படகுகளின் ஆட்களும் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். மூன்று நாளாக ஐஸ் இல்லாமல் மீன் வயிறு வெடித்துப்போய்க் கருவாட்டு விலைக்குப் போட்டிருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் ஜோஸ்லினுக்குத் தாங்கவில்லை.

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். மூன்று மாதமாக ஆறிப்போய், தோல் சரியாகி, நகம் வளர்ந்திருந்தது. கேட்டைத் திறந்தால் அது எல்லாம் போகும். அவளுக்குப் பயமாக இருந்தது, அழுகை வந்தது. அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நண்டுக் கொட்டகையில் நாற்பது பெண்கள் உரித்த எடை எல்லாம் மேஸ்திரி பெயரில்தான் ஏறும். ஆறு வருஷ வேலைக்கு அத்தாட்சி வேண்டும் என்று ஒருதடவை நலவாரியத்துக்காகப் போய்க் கேட்டாள். புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு ஆள் இங்கே வேலை பார்க்கவே இல்லையே என்றார்கள். ஆறு வருஷம் அவள் எங்கேயும் இல்லை. இப்போது அதே காரியத்தை அவளே, ஒரு டோக்கனை வைத்து, பத்துப் பெண்களுக்குச் செய்துவிட்டாள். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது.

போய்க் கேட்டைத் திறந்தாள்.

"அக்கா, முழுப் பேரு சொல்லுங்க," என்றாள் வீரலட்சுமியிடம்.

பில்லை அடித்ததும் திரையில் ஒரு கட்டம் குதித்தது. இது உங்கள் ஆயிரத்தோராவது பதிவு, அடுத்த திட்டத்துக்கு மாற்றலாமா என்று கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஆம் என்பதை அமுக்கினாள். பிரின்டர் கரகரவென்று பில்லைத் துப்பியது. வீரலட்சுமி அதை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், பெயர் இருக்கும் இடம் எது என்று கேட்டு அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். அதற்கப்புறம் ஜோஸ்லின் நிறுத்தவில்லை. பத்துப் பெண்களுக்கும் தனித்தனிப் பெயர். பழைய டோக்கன் ஐஸையும் பிரித்துப் பிரித்து அவரவர் பெயரில் மாற்றினாள். நாட்டுப்படகுகளுக்குத் தனித்தனி. விசைப்படகுகளுக்குத் தனித்தனி. மூன்று பார் கேட்டவனுக்கும் பில், அரை பார் கேட்டவனுக்கும் பில். யாகப்பம்மாள் பட்டியலில் முதலிடத்திலிருந்து கடைசிக்கு இறங்கினாள். நல்லவேளை, இனி எவனும் பொன்னாடையோடு வர மாட்டான் என்றாள் அவள்.

மூன்று மணிக்கு ஐஸ் அறை காலி. கல்லாவில் எழுபத்திரண்டாயிரம். எண்ணிக்கை ஆயிரத்து எண்பத்தேழு. ஜோஸ்லினே சாக்பீஸை எடுத்துப் பலகையில் அதை எழுதினாள். பிறகு டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரத் தோன்றவில்லை.

நான்கு மணிக்கு எட்வர்ட் வந்தார். திறந்த கேட்டைப் பார்த்தார், காலி அறையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். எழுபத்திரண்டாயிரத்தை அவள் மேஜையில் எடுத்து வைத்தாள். அவர் அதைத் தொடக்கூட இல்லை. கிளாட்சன் பின்னாலேயே வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியின் தூசியைத் தட்டினான்.

"ஆறாயிரம் போச்சா?" என்றார் எட்வர்ட்.

"போச்சுண்ணே."

"எறங்க முடியாதா?"

"ஒரு வருஷத்துக்கு முடியாதுண்ணே."

எட்வர்ட் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஜோஸ்லின் பையைத் தோளில் மாட்டினாள். அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வாசலுக்கு நடந்தாள்.

"ஏத்தா, நில்லு. ஆறாயிரத்துக்கு எத்தனை வரைக்கும் போடலாம்?"

"அஞ்சாயிரம் பதிவு வரைக்கும்ண்ணே."

எட்வர்டின் உதடுகள் அசைந்தன. மனக்கணக்கில் அவரை அடிக்க ஆள் கிடையாது. முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறிப்போனது.

"ஆயிரத்தி எம்பத்தேழுதான ஆயிருக்கு. மிச்சம் மூவாயிரத்தித் தொள்ளாயிரத்திப் பதிமூணு?"

"மாசம் இன்னையோட முடியுது. அது போயிரும்ண்ணே."

"போயிருமா? காசு குடுத்தது போயிருமா?" எட்வர்ட் அலறினார். "பையை வச்சுக்கிட்டு என்னத்த வேடிக்கை பாக்குற? ஒக்காரு! ஒக்காந்து போடு! கிளாட்சா, நாற்காலியை விட்டு நகருடா!"

அதன் பிறகு இரண்டு மணி நேரம் அங்கே நடந்ததை நேரில் பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். வாய்க்கால் ஓரத்தில் உருகாமல் மிஞ்சிக் கிடந்த கட்டிகளை உடைக்கச் சொல்லிவிட்டு, எட்வர்ட் ரோட்டின் நடுவில் நின்று பஸ்ஸை மறித்தார். டிரைவருக்கு ஒரு ரூபாய்க்கு ஐஸ், கண்டக்டருக்கு ஒரு ரூபாய்க்கு ஐஸ், தனித்தனி பில். ராமேஸ்வரம் போய்க்கொண்டிருந்த ஒரு வேன் நிறைய யாத்திரைக்காரர்களை இறக்கி, பெயர் ஊர் கேட்டு, கையில் ஆளுக்கு ஒரு துண்டு ஐஸ் கொடுத்து அனுப்பினார். கிளாட்சன் ஒருத்தனே பதினேழு தடவை வாங்கினான். ஜோஸ்லின் விரல் ஓயவில்லை. ஆறு மணிக்கு எண்ணிக்கை ஆயிரத்து இருநூற்று நாற்பது. தெருவில் ஆள் தீர்ந்துவிட்டது. எட்வர்ட் வியர்த்து விறுவிறுத்துப் பலகைக்குப் பக்கத்தில் நின்று, வேற என்ன இருக்கு, வேற என்ன இருக்கு என்று அரற்றினார்.

"என் சம்பளம் இருக்குண்ணே," என்றாள் ஜோஸ்லின். அவள் சம்பளம் பன்னிரண்டாயிரம்.

"அது ஒரு பதிவுதான?"

"மொத்தமாப் போட்டா ஒண்ணு. நாளுக்கு ஒண்ணாப் போட்டா முப்பத்தொண்ணு."

எட்வர்டின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "நாளுக்கு ஒண்ணாப் போடு."

ஜோஸ்லின் நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டாள். "நாளுக்கு அறுநூறு ரூவா வீதம் போடுறேன்ண்ணே. மொத்தம் பதினெட்டாயிரத்தி அறுநூறு வரும்."

"வர்றது வரட்டும். பதிவு முப்பத்தொண்ணு வரும்ல?"

"வரும்ண்ணே."

அவள் ஒவ்வொன்றாக அடித்தாள். அவர் ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணினார். முப்பத்தொன்று முடிந்ததும் பலகையில் ஆயிரத்து இருநூற்று எழுபத்தொன்று என்று எழுதி, சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு, பரவாயில்லை என்பதுபோலத் தலையாட்டினார்.

"அண்ணே, அடுத்த மாசமும் இதே மாதிரிதான் போடணும்," என்றாள் ஜோஸ்லின்.

"பின்ன?" என்றார் எட்வர்ட். "ஆறாயிரம் கட்டுறோம்ல."